இங்கிலாந்துப் பள்ளிகளில் பியூப்பில் பிரீமியம்: புதிதாக வந்த தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

என் மகள் தொடக்கப் பள்ளியின் முதல் வகுப்பான ரிசெப்ஷனில் சேர்ந்த முதல் வாரம், பள்ளியிலிருந்து ஒரு கட்டுக் காகிதம் வீட்டுக்கு வந்தது. அதில் இலவச மதிய உணவுக்கான விண்ணப்பமும் ஒன்று. 'அந்த வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சாப்பாடு இலவசம்தானே, பிறகு எதற்கு விண்ணப்பம்?' என்று நினைத்து அதை மேசை இழுப்பறைக்குள் போட்டுவிட்டேன். கணவருக்கு வேலை போய், வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு தரும் யூனிவர்சல் கிரெடிட் என்ற உதவித்தொகையில் வீட்டு வாடகையை ஓட்டிக்கொண்டிருந்த காலம் அது. சில ஆண்டுகள் கழித்து அதே பள்ளியின் நிர்வாகக் குழுவில் பெற்றோர் பிரதிநிதியாக உட்கார்ந்தபோதுதான் அந்தக் காகிதம் எதற்கென்று புரிந்தது. என் மகள் பெயரில் அரசு பள்ளிக்குக் கொடுத்திருக்க வேண்டிய பணம், நான் ஒரு பக்கத்தை நிரப்பாததால் மூன்று ஆண்டுகள் வரவேயில்லை.

அன்றிலிருந்து, இங்கிலாந்துக்குப் புதிதாக வந்த தமிழ்க் குடும்பம் யாரைப் பார்த்தாலும், "பிள்ளையை இலவச உணவுக்குப் பதிந்துவிட்டீர்களா?" என்றுதான் முதலில் கேட்கிறேன். சிலர் முகம் சுளிக்கிறார்கள். அவர்களுக்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

இது என்ன பணம்?

வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளுக்கு, வழக்கமான நிதிக்கு மேல் அரசு தலைக்கு இவ்வளவு என்று கூடுதலாகக் கொடுப்பதுதான் பியூப்பில் பிரீமியம். 2011 ஏப்ரலில், கன்சர்வேடிவ், லிபரல் டெமாக்ரட் கட்சிகளின் கூட்டணி ஆட்சியில் இது தொடங்கியது. முதல் ஆண்டில் ஒரு மாணவருக்கு 488 பவுண்டு கொடுத்தார்கள். 2025-26 நிதியாண்டில் தொடக்கப் பள்ளி மாணவருக்கு 1,515 பவுண்டு. உயர்நிலைப் பள்ளி மாணவருக்கு 1,075 பவுண்டு. அரசின் பராமரிப்பில் வளரும் பிள்ளைகளுக்கும், அங்கிருந்து தத்துக் கொடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கும் 2,630 பவுண்டு. பெற்றோர் இராணுவத்தில் இருந்தால் 350 பவுண்டு.

பணம் பெற்றோர் கைக்கு வராது. நேராகப் பள்ளிக்குப் போகும். ஆனால் யார் பெயரில் போகிறது என்பதை அரசு எப்படித் தெரிந்துகொள்கிறது? இலவச உணவுக்குத் தகுதி பெற்றவர்கள் என்ற பட்டியலை வைத்துத்தான். பிள்ளை அந்தச் சாப்பாட்டைச் சாப்பிடுகிறதா, வீட்டிலிருந்து இட்லி கொண்டுபோகிறதா என்பது பொருட்டே இல்லை. தகுதி பதிவாகியிருக்கிறதா என்பதுதான் கணக்கு.

இங்கேதான் என்னைப் போலப் பலர் தவறிவிடுகிறார்கள். 2014 செப்டம்பரிலிருந்து ரிசெப்ஷன், இயர் 1, இயர் 2 ஆகிய மூன்று வகுப்புகளிலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் மதிய உணவு இலவசம். லண்டனில் 2023 செப்டம்பரிலிருந்து, மேயரின் நிதியில், அரசுத் தொடக்கப் பள்ளியின் மேல்வகுப்புகளுக்கும் அப்படியே. சாப்பாடு தானாகக் கிடைப்பதால் விண்ணப்பம் தேவையில்லை என்று தோன்றுகிறது. சாப்பாட்டுக்குத் தேவையில்லைதான்; பியூப்பில் பிரீமியத்துக்குத் தேவை. விண்ணப்பம் இல்லாமல் உங்கள் வீட்டு நிலைமை பள்ளிக்கும் தெரியாது, அரசுக்கும் தெரியாது. பத்துக் குடும்பங்கள் இப்படி விட்டுவிட்டால், 2025-26 தொகைப்படி ஒரு தொடக்கப் பள்ளி ஆண்டுக்கு 15,150 பவுண்டை இழக்கிறது. தலைமையாசிரியர்கள் பெற்றோருக்கு மறுபடி மறுபடி கடிதம் அனுப்புவதற்கு இதுதான் காரணம்.

இன்னொரு விதி பெற்றோருக்கு மிகவும் சாதகமானது. ஒரு பிள்ளை ஒருமுறை தகுதி பெற்றுப் பதிவாகிவிட்டால், அதன்பின் ஆறு ஆண்டுகள் அந்தப் பிள்ளைக்கான பணம் பள்ளிக்கு வந்துகொண்டிருக்கும். அடுத்த ஆண்டே உங்களுக்கு நல்ல வேலை கிடைத்தாலும் அது நிற்காது. வந்த புதிதில் ஓர் ஆறு மாதம் மட்டும் கஷ்டப்பட்ட குடும்பம்கூட அந்த ஆறு மாதத்துக்குள் விண்ணப்பித்துவிட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

முதலில் பார்க்க வேண்டியது

பிள்ளை படிப்பது இங்கிலாந்தில் உள்ள அரசு நிதியில் நடக்கும் பள்ளிதானா என்று பாருங்கள். கவுன்சில் (உள்ளாட்சி மன்றம்) நடத்தும் பள்ளி, அரசு நிதியில் தனி நிர்வாகத்தோடு நடக்கும் அகாடமி, ஃப்ரீ ஸ்கூல், சிறப்புப் பள்ளி எல்லாம் இதில் அடங்கும். கட்டணம் கட்டிப் படிக்கும் தனியார் பள்ளிக்கு இது கிடையாது. ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் இதே நோக்கத்துக்கு வேறு பெயரில் வேறு திட்டங்கள் நடக்கின்றன. இங்கே சொல்லும் தொகைகளும் விதிகளும் அங்கே பொருந்தா. ரிசெப்ஷன் முதல் இயர் 11 (16 வயது) வரை படிக்கும் பிள்ளைகளுக்கே பியூப்பில் பிரீமியம்.

அடுத்து, நீங்கள் எந்த வழியில் தகுதி பெறுகிறீர்கள் என்று பாருங்கள். முக்கியமாக மூன்று வழிகள்.

யூனிவர்சல் கிரெடிட் வாங்குபவர்கள்: வரி போக வீட்டுக்கு வரும் உழைப்பு வருமானம் ஆண்டுக்கு 7,400 பவுண்டுக்குள் இருக்க வேண்டும். மாதக் கணக்கில் ஏறத்தாழ 616 பவுண்டு. அரசு தரும் உதவித்தொகை இந்தக் கணக்கில் சேராது. சம்பளமும் சுயதொழில் வருமானமும் மட்டுமே சேரும். உதவித்தொகையையும் கூட்டிப் பார்த்து 'எங்களுக்குக் கிடைக்காது' என்று தாங்களே முடிவு செய்துவிடும் பலரை நான் பார்த்திருக்கிறேன். அந்த முடிவைக் கவுன்சிலுக்கு விட்டுவிடுங்கள். இன்கம் சப்போர்ட், முதியோருக்கான பென்ஷன் கிரெடிட்டின் உத்தரவாதப் பகுதி போன்ற வேறு சில உதவிகளும் தகுதி தருகின்றன. பேரப்பிள்ளையை வளர்க்கும் தாத்தா பாட்டிக்குக் கடைசியாகச் சொன்னது உதவும்.

யூனிவர்சல் கிரெடிட் விஷயத்தில் ஒரு குழப்பம் வர வாய்ப்பிருக்கிறது. அந்த உதவி பெறும் எல்லாக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும், வருமான வரம்பு பார்க்காமல், 2026 செப்டம்பரிலிருந்து இலவச உணவு என்று 2025 ஜூனில் அரசு அறிவித்தது. நல்ல செய்திதான். ஆனால் பியூப்பில் பிரீமியத்துக்குப் பழைய 7,400 பவுண்டு வரம்பே தொடரும் என்றும் சொல்லியிருக்கிறது. சாப்பாடு கிடைப்பதும் பள்ளிக்குப் பணம் போவதும் இனி இரண்டு வேறு கணக்குகள். ஆகவே பள்ளி வருமான விவரம் கேட்டால், 'சாப்பாடுதான் கிடைத்துவிட்டதே' என்று விட்டுவிடாமல் முழுமையாகக் கொடுங்கள்.

அகதி அந்தஸ்துக்கு விண்ணப்பித்துக் காத்திருப்பவர்கள்: 1999 ஆம் ஆண்டுக் குடிவரவு மற்றும் புகலிடச் சட்டத்தின் ஆறாம் பகுதியின் கீழ் அரசு ஆதரவு பெற்றால், பிள்ளைக்கு நேராகவே தகுதி உண்டு. வேலைக்கும் உதவித்தொகைக்கும் ஒவ்வொருவருக்கும் அரசு தரும் நேஷனல் இன்சூரன்ஸ் எண்ணுக்குப் பதிலாக, ஆதரவுக் கடிதத்தில் உள்ள குறிப்பு எண்ணைக் கொடுத்தால் போதும்.

மூன்றாவது வழி நம்மவர்களுக்கு மிகவும் தேவையானது. மிகக் குறைவாகத் தெரிந்ததும் அதுதான். விசாவில் 'பொது நிதி பெற உரிமை இல்லை' என்று எழுதியிருக்கும் குடும்பங்கள்: பராமரிப்பு வேலைக்கு வந்தவர்கள், மாணவர் விசாவில் வந்தவர்கள், அவர்களைச் சார்ந்து வந்தவர்கள். அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு, பள்ளி நீட்டும் எந்தப் படிவத்தையும் தொடவே அஞ்சுகிறார்கள். ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன்: பள்ளி இலவச உணவு, குடிவரவு விதிகள் பட்டியலிடும் 'பொது நிதி'யில் சேராது. அதைக் கேட்பது விசா நிபந்தனையை மீறுவதாகாது. 2022 வசந்த காலத்தில் இந்தக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் அரசு இதை நிரந்தர உரிமையாக்கியது. பியூப்பில் பிரீமியமும் சேர்ந்தே வரும்.

இவர்களுக்கான வருமான வரம்பு வேறு. அப்போது வகுத்தபடி, லண்டனுக்கு வெளியே ஒரு பிள்ளை உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 22,700 பவுண்டு. இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் 26,300. லண்டனுக்குள் ஒரு பிள்ளைக்கு 31,200. இரண்டு அல்லது கூடுதலானால் 34,800. சேமிப்பு 16,000 பவுண்டைத் தாண்டக் கூடாது. ஒருவர் மட்டும் பராமரிப்பு இல்லத்தில் வேலை பார்த்து, இரண்டு பிள்ளைகளை வளர்க்கும் வீடு பெரும்பாலும் இதற்குள் அடங்கிவிடும். இந்த வரம்புகள் மாறக்கூடியவை. விண்ணப்பிக்கும்போது கவுன்சிலில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். மனம் ஒப்பவில்லை என்றால் கையெழுத்திடும் முன் தகுதி பெற்ற குடிவரவு ஆலோசகரைக் கேளுங்கள். ஆனால் கேட்காமலே விட்டுவிடாதீர்கள்.

வெட்கத்தைப் பற்றி

"ஊரில் நாங்கள் பத்துப் பேருக்குச் சோறு போட்ட குடும்பம். இங்கே வந்து பிள்ளைக்கு இலவசச் சோறு கேட்பதா?" என்று ஓர் அம்மா என்னிடம் கேட்டார். அவர் குரலில் இருந்த வலியை நான் அறிவேன். எனக்கும் அது இருந்தது. நான் அவருக்குச் சொன்னது இதுதான்: நீங்கள் கேட்பது சோறு இல்லை, அக்கா. உங்கள் பையன் வகுப்பில் வாசிப்புக்கென்று ஓர் ஆசிரியர் கூடுதலாக வருவதற்கு வழி. உங்கள் கையெழுத்து இல்லாவிட்டால் அந்த ஆசிரியர் வரமாட்டார். அவர் வராமல் போனால் உங்கள் பையனோடு பக்கத்து மேசைப் பிள்ளைக்கும் நட்டம்.

யாருக்குத் தெரியும் என்ற கவலையும் உண்டு. பெரும்பாலான பள்ளிகளில் சாப்பாட்டுக் காசு இணையத்தில்தான் கட்டப்படுகிறது. வரிசையில் நிற்கும் பிள்ளைகளில் யார் காசு கட்டியவர், யார் கட்டாதவர் என்று மற்றப் பிள்ளைகளுக்குத் தெரியாது. உங்கள் பள்ளியில் எப்படி என்று அலுவலகத்தில் தயங்காமல் கேளுங்கள்.

விண்ணப்பம்

பெரும்பாலும் கவுன்சிலின் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். சில இடங்களில் பள்ளி அலுவலகமே வாங்கிக்கொள்ளும். எது என்று தெரியாவிட்டால் பள்ளி அலுவலகத்தில் கேட்பதே சுருக்கு வழி. பெற்றோரின் குடும்பப் பெயர், பிறந்த தேதி, நேஷனல் இன்சூரன்ஸ் எண், பிள்ளையின் விவரம் ஆகியவை வேண்டும். யூனிவர்சல் கிரெடிட்காரர்களின் விவரத்தை அரசுத் தரவுத்தளத்தோடு கணினியே ஒப்பிட்டுப் பார்க்கும். பல சமயம் பதில் உடனே வந்துவிடும். 'பொது நிதி உரிமை இல்லாதவர்கள்' வழியில் வருபவர்கள் விசா விவரம், சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு அறிக்கை ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். அதைப் பெரும்பாலும் ஓர் அலுவலர் பார்த்தே முடிவு செய்வார். சில நாட்கள் பிடிக்கும்.

தமிழ்ப் பெயர்கள் சிக்கிக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. நம்மில் பலருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. தகப்பன் பெயரோ முன்னெழுத்தோதான். கடவுச்சீட்டில் ஒரு வரிசை, நேஷனல் இன்சூரன்ஸ் கடிதத்தில் வேறு வரிசை, பள்ளிப் பதிவில் மூன்றாவது விதம். கணினி எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும்போது 'தகுதி காணப்படவில்லை' என்று பதில் வரும். தகுதி இல்லை என்று அதற்குப் பொருளல்ல. பொருந்தவில்லை என்றுதான் பொருள். யூனிவர்சல் கிரெடிட் கணக்கில் உங்கள் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே விண்ணப்பத்திலும் எழுதுங்கள். எந்தப் பெற்றோரின் பெயரில் உதவி வருகிறதோ அவரே விண்ணப்பிப்பது நல்லது. அப்படியும் வரவில்லை என்றால், உதவித்தொகைக் கணக்கின் மாத அறிக்கையை அச்செடுத்துக்கொண்டு நேரில் போங்கள். என் பக்கத்து வீட்டுத் தம்பி மூன்று முறை இணையத்தில் தோற்றுவிட்டு, நான்காம் முறை அந்தக் காகிதத்தோடு போய்ப் பத்து நிமிடத்தில் முடித்தார்.

எப்போது செய்வது? எப்போது வேண்டுமானாலும் செய்யலாம். ஆனால் அடுத்த நிதியாண்டுக்கான கணக்கு அக்டோபர் மாதம் பள்ளிகளில் நடக்கும் மாணவர் கணக்கெடுப்பிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. அது வழக்கமாக அக்டோபரின் முதல் வியாழக்கிழமை வரும். அதைத் தவறவிட்டால் அந்தப் பிள்ளைக்கான பணம் ஓராண்டு தள்ளிப்போகும். செப்டம்பரில் பள்ளி திறந்த முதல் இரண்டு வாரத்துக்குள் முடித்துவிடுவதே பத்திரம். கவுன்சிலிடமிருந்து தகுதி உறுதி என்று மின்னஞ்சல் வந்ததும் ஒரு நகலைப் பள்ளி அலுவலகத்துக்கு அனுப்பி, 'பதிவேட்டில் ஏற்றிவிட்டீர்களா?' என்று கேட்டுவிடுங்கள். கவுன்சிலுக்கும் பள்ளிக்கும் நடுவே தகவல் தங்கிவிடுவது உண்டு.

சில கவுன்சில்கள் தங்களிடம் உள்ள தரவுகளை வைத்துத் தாங்களே பிள்ளைகளைப் பதிந்துவிடுகின்றன. அதை நம்பி உட்கார வேண்டாம்.

பள்ளி இந்தப் பணத்தை என்ன செய்கிறது?

உங்கள் பிள்ளை பெயரில் வரும் பணம் முழுவதும் உங்கள் பிள்ளைக்கே செலவாக வேண்டும் என்று விதி இல்லை. இது பலருக்கு ஏமாற்றமாக இருக்கிறது; விதியின் நோக்கம் தெரிந்தால் அவ்வளவு இருக்காது. எல்லாப் பிள்ளைகளின் பணத்தையும் சேர்த்து, பின்தங்கும் பிள்ளைகளை மேலே கொண்டுவரும் வேலைகளுக்குப் பள்ளி செலவிடுகிறது. நல்ல வகுப்பறைக் கற்பித்தலுக்கும் ஆசிரியர் பயிற்சிக்கும் ஒரு பங்கு. சிறு குழு வாசிப்பு, கணக்குக்குத் தனி உதவி போன்றவற்றுக்கு ஒரு பங்கு. வருகைக் குறைவு, மனநலம், காலைச் சிற்றுண்டி போன்றவற்றுக்கு ஒரு பங்கு. இந்த மூன்று வகைக்குள்தான் செலவு இருக்க வேண்டும் என்று கல்வித் துறை வரையறுத்திருக்கிறது.

ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டும். ஆங்கிலம் வீட்டுமொழி இல்லை என்பதற்காக இந்தப் பணம் வருவதில்லை. அதற்குப் பள்ளி நிதிக் கணக்கில் தனி இடம் உண்டு. வசதியான வீட்டில் தமிழ் பேசி வளரும் பிள்ளைக்குப் பியூப்பில் பிரீமியம் இல்லை. நன்றாக ஆங்கிலம் பேசும் ஏழை வீட்டுப் பிள்ளைக்கு உண்டு.

ஒவ்வொரு பள்ளியும் ஆண்டுதோறும் டிசம்பர் 31 ஆம் தேதிக்குள் தன் இணையதளத்தில் ஓர் அறிக்கை வெளியிட வேண்டும்: எத்தனை பிள்ளைகள், எவ்வளவு பணம், எதற்குச் செலவு, சென்ற ஆண்டு என்ன பலன். பெரும்பாலான பெற்றோர் இதைப் பார்த்ததே இல்லை. பள்ளியின் பெயரோடு 'பியூப்பில் பிரீமியம்' என்று தேடினால் வந்துவிடும். ஆங்கிலம் கடினமாக இருந்தாலும் அட்டவணையைப் பார்த்தாலே பாதி புரியும். நிர்வாகக் குழுவில் இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: ஒரு பெற்றோர் அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்கிறார் என்றால், பள்ளி அடுத்த ஆண்டு அதை இன்னும் கவனமாக எழுதும்.

பெற்றோர்-ஆசிரியர் சந்திப்பில் நீண்ட பேச்சு வேண்டாம். என் பிள்ளைக்கு இந்த நிதியில் இந்தப் பருவத்தில் என்ன நடக்கிறது? வாரத்துக்கு எத்தனை முறை? பயன் இருக்கிறதா என்று எப்படிப் பார்க்கிறீர்கள்? இந்த மூன்றும் போதும். 'உதவியாளர் பக்கத்தில் இருக்கிறார்' என்று மட்டும் பதில் வந்தால் மேலும் கேளுங்கள். எந்த உதவி எவ்வளவு பலன் தருகிறது என்று ஒப்பிட்டுக் காட்டும் பட்டியல் ஒன்றை, 2011 இல் தொடங்கப்பட்ட எஜுகேஷன் என்டோமென்ட் ஃபவுண்டேஷன் இலவசமாக வெளியிடுகிறது. பள்ளிகள் தங்கள் திட்டத்துக்குச் சான்றாகக் காட்டுவது பெரும்பாலும் அதைத்தான். நீங்களும் பார்க்கலாம்.

பிள்ளைக்கு நேராகக் கிடைப்பவையும் உண்டு. சுற்றுலாக் கட்டணத்தில் சலுகை, இசை வகுப்பு, பள்ளி முடிந்தபின் நடக்கும் வகுப்புகள் ஆகியவற்றைப் பல பள்ளிகள் தருகின்றன. ஆனால் கேட்டால்தான் சொல்வார்கள். ஈஸ்டர், கோடை, கிறிஸ்துமஸ் விடுமுறைகளில் விளையாட்டும் உணவும் சேர்ந்த இலவச முகாம்களைக் கவுன்சில்கள் நடத்துகின்றன; இலவச உணவுப் பட்டியலில் இருப்பவர்களுக்கே முதலில் இடம். நுழைவுத் தேர்வு வைத்துச் சேர்க்கும் அரசு உயர்நிலைப் பள்ளியான கிராமர் பள்ளிக் கனவு உள்ள வீடுகள் இதையும் கவனிக்க வேண்டும்: பல கிராமர் பள்ளிகள் பியூப்பில் பிரீமியம் பிள்ளைகளுக்குச் சேர்க்கையில் முன்னுரிமை தருகின்றன; சில, தேர்வில் சற்றுக் குறைந்த மதிப்பெண்ணையும் ஏற்கின்றன. இயர் 5 இலேயே சேர்க்கை விதிகளைப் படித்து, அதற்கான கூடுதல் படிவம் இருந்தால் நேரத்தோடு கொடுத்துவிடுங்கள். பயிற்சி வகுப்புக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு, இந்த ஒரு படிவத்தைக் கோட்டைவிட்ட வீட்டை எனக்குத் தெரியும்.

வீடு மாறும்போதும் வயது கூடும்போதும்

வாடகைக்காக அடிக்கடி இடம் மாறுகிறோம். ஒரு கவுன்சில் எல்லையிலிருந்து இன்னொன்றுக்குப் போனால் பழைய விண்ணப்பம் தானாக உங்களோடு மாறி வராது. புதிய இடத்தில் மறுபடியும் விண்ணப்பியுங்கள். புதிய பள்ளியில் சேர்க்கும் நாளிலேயே, பிள்ளை முன்பு தகுதி பெற்றிருந்ததை அலுவலகத்தில் சொல்லுங்கள். இரண்டாவது பிள்ளை பள்ளிக்குப் போகத் தொடங்கும்போது அவர் பெயரையும் சேர்க்க மறக்க வேண்டாம். மூத்தவரின் பதிவு இளையவருக்குப் பொருந்தாது.

பிள்ளை இன்னும் நர்சரியில் இருந்தால் அதற்கு இதைவிடச் சிறிய தனி உதவி ஒன்று உண்டு: 2025-26 இல் மணிக்கு 1 பவுண்டு, ஆண்டுக்கு அதிகபட்சம் 570 பவுண்டு. அதற்கு நர்சரியே ஒரு படிவம் கொடுக்கும். இயர் 11 முடிந்ததும் பியூப்பில் பிரீமியம் நின்றுவிடும். அதன்பின் 16 முதல் 19 வயதுவரை படிப்பவர்களுக்கு பர்சரி நிதி இருக்கிறது. பஸ் கட்டணம், புத்தகம், சாப்பாடு போன்றவற்றுக்கு அது உதவும். கல்லூரியில் சேரும் வாரத்திலேயே மாணவர் உதவி அலுவலகத்தில் அதற்கான படிவத்தைக் கேட்டு வாங்குங்கள்.